தாண்டவராயன் அழுத இரண்டு வருஷம்

அழுகிற ஆணையும் சிரிக்கிற பெண்ணையும் நம்பாதே என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதைக் கட்டிவிட்டவன் எவனோ, அவன் மட்டும் சாலவாக்கத்துப் பக்கம் வந்து கனகாவிடம் அதைச் சொல்லியிருந்தால் துடைப்பக்கட்டை பிய்ந்திருக்கும். தன் புருஷன் தாண்டவராயன் அழுத அழுகையை அவள் சாமியை நம்புவதற்கு ஒரு படி மேலாகவே நம்பினாள். அந்த நம்பிக்கை என்ன பாடுபட்டது என்பதுதான் இந்தக் கதை.

தாண்டவராயன் லேசில் அழுகிற ஆளில்லை. சரியான கல்லுளிமங்கன். சொந்த அப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்து, தலையில் ஈரம் காய்வதற்குள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று கேட்டவர். மூன்று ஏக்கர் நெல், ஒரு ஜோடி மாடு, வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை சிவகுமார். இவ்வளவையும் அவர் பேச்சில்லாமலே வளர்த்தார். பேச வேண்டியதையெல்லாம் கனகா பேசினாள். கேள்வியும் அவளே கேட்பாள், அவர் வாய் திறப்பதற்குள் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். அப்படித்தான் முப்பத்தைந்து வருஷக் குடித்தனம் ஓடியது.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவ்வளவு பேச்சுக்காரி வாயே திறந்து கேட்டதில்லை.

அது எண்பத்தாறாம் வருஷம். மானாம்பதியில் கனகாவின் அண்ணன் ஏகாம்பரம் தன் பிள்ளைக்குக் காது குத்தினான். மாப்பிள்ளைக்கு நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைக்காமல் ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டான். மாப்பிள்ளை முறுக்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? தாண்டவராயன் சந்தையில் நாலு பேர் நடுவில் மச்சானை நிறுத்தி, "உங்க வூட்ல பொணம் வியுந்தாலும் வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். வாய்க்கு வந்தது, சொன்னார். விதியைப் பாருங்கள், மறுவருஷம் தை மாசம் கனகாவின் அம்மா செத்துப்போனாள். தாண்டவராயன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கனகா கைப்பிள்ளை சிவகுமாரோடு தனியாக டவுன் பஸ் ஏறிப் போனாள். வாய்க்கரிசி போடும்போது, மாப்பிள்ளை எங்கே என்று பத்துப் பேர் கேட்டார்கள். காய்ச்சலில் கிடக்கிறார் என்று பத்துப் பேருக்கும் பொய் சொன்னாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பி வந்தபோது அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சோறு போட்டாள், அவர் தின்றார். வருஷம் பதினேழு போயிற்று. அந்த முள் மட்டும் அவள் நெஞ்சில் வெளியேயும் வராமல் உள்ளேயும் போகாமல் நின்றது.

இப்படியிருக்கையில் இரண்டாயிரத்து நாலில் ஒருநாள், ஊரில் ஒரு கிழவியின் பாடை தெருவழியே போனது. வாசலில் நின்றிருந்த தாண்டவராயன் மேளச் சத்தம் கேட்டதும் தேம்பினார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் கண் நிறைந்தது, அப்புறம் குரலே உடைந்து ஓவென்று அழுதார். கனகா கையில் சாணிக்கூடையோடு அப்படியே நின்றுவிட்டாள். என் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது இவருக்கு, வேறெதற்கு ஒரு மனுஷன் யாரோ ஒரு கிழவியின் பாடையைப் பார்த்து இப்படி அழுவான்? அடப்பாவி மனுஷா, இதை உள்ளே வைத்துக்கொண்டா பதினேழு வருஷம் இருந்தாய்? கூடையை எறிந்துவிட்டு ஓடிப்போய் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டாள். கேள்வி கேட்கவில்லை, விளக்கம் வேண்டவில்லை. முள் வெளியே வந்துவிட்டது என்றே நினைத்தாள்.

அப்புறம் அவர் எதற்கெல்லாமோ அழ ஆரம்பித்தார். அவள் புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வருவதைக் கண்டால் அழுதார். கன்றுக்குட்டியை விற்றபோது அழுதார். சிவகுமார் கம்பெனி வேலை கிடைத்து முதன்முதலாகச் சட்டை பேண்டோடு நின்றபோது அழுதார். ஏரி நிரம்பி வழிகிற இடத்துக்குக் கலங்கல் என்று பெயர். ஊர்க்காரர்கள் அவரைக் கலங்கல்காரர் என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். ஊர்வாயை மூட உலைமூடியா இருக்கிறது? கனகாவுக்கு அதில் கோபமில்லை. உள்ளூரப் பெருமைதான். ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்குப் புதுப் புருஷன் கிடைத்திருந்தான். ராத்திரி படுக்கும்போது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுவார். இந்தக் கையைக் கல்யாணத்தன்று பிடித்ததோடு சரி.

அழுகையோடு வேறு சிலதும் வந்தன. நடை குறுகியது. காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்தார். வேட்டி நனைவதற்குள் கொல்லைக்குப் போய்ச் சேர முடியவில்லை. உரம் எத்தனை மூட்டை என்று கேட்டால் அவர் யோசித்துச் சொல்வதற்குள் கேட்டவன் உத்திரமேரூர் போய்த் திரும்பிவிடலாம். வயசு என்றாள் கனகா. இரண்டாயிரத்து ஆறில் நடவு சமயம் அவர் வரப்பிலிருந்து சேற்றில் முகம்குப்புற விழுந்து, எழுந்திருக்கத் தெரியாமல் கிடந்தபோதுதான் சிவகுமார் ஒரே பிடியாக நின்று, அப்பாவையும் அம்மாவையும் சென்னைக்கு அழைத்துப்போனான்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சௌமியா என்று ஒரு பெண், கனகாவுக்கு மகள் இருந்தால் அந்த வயசிருக்கும். கறுப்பு ஃபிலிமை வெளிச்சப் பலகையில் மாட்டிப் பொறுமையாகச் சொன்னாள். பெரிய ரத்தக்குழாய்களில் பழுதில்லை. மூளைக்குள் ஆழத்தில் மயிரிழை மாதிரி ஓடுகிற சின்னச் சின்னக் குழாய்கள்தான் தடித்துப்போயிருக்கின்றன, சிலது அடைத்தே போயிருக்கின்றன. அவை ரத்தம் கொடுக்காத இடம்தான் படத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. இது நேற்று வந்ததில்லை. பார்க்காமல் விட்ட ரத்த அழுத்தம் இருபது வருஷமாகச் செய்த வேலை. நடை, மூத்திரம், யோசனை மந்தமானது, எல்லாம் இதனால்தான். போனது திரும்பாது, மேற்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருகிற வரைக்கும் காத்திருங்கள், நடுவில் இன்னொன்று கேட்காதீர்கள் என்றாள். கனகா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். புத்திசாலிப் பெண் என்று மனசுக்குள் மெச்சவும் செய்தாள்.

அப்போதுதான் அந்தப் பெண், இவர் காரணமில்லாமல் அழுகிறாரா என்று கேட்டாள்.

"காரணம் இல்லாத எதுக்கும்மா அயுவுறாரு? மனசு எளகிப்போச்சி, அயுவுறாரு" என்றாள் கனகா.

"அழுகையை அடக்கிப் பிடிக்கிற கட்டு மூளையிலதான் இருக்கும்மா. அங்க போற நரம்பு பழுதாயிடுச்சு. மனசுல கொஞ்சமா இருந்தாலும் கண்ணுல நிறைய வரும். சில நேரம் மனசுல ஒண்ணுமே இல்லாமலும் வரும்" என்றாள் டாக்டர்.

ஒண்ணுமே இல்லாமலும். கனகாவுக்கு அதற்குப் பிறகு சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. அழுகைக்கென்று தனியாக ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதித் தந்ததும், அது உடம்பில் பிடித்து வேலை செய்ய மூன்று நாலு வாரம் ஆகும் என்று சொன்னதும் சிவகுமாருக்குத்தான் தெரியும். பஸ்ஸில் வரும்போது தாண்டவராயன் ஜன்னல் வழியே ஒரு நாய்க்குட்டியைப் பார்த்து அழுதார். கனகா முதல் தடவையாக அவர் கண்ணைத் துடைக்காமல் வேறுபக்கம் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எந்த மாத்திரை எதற்கு என்று சிவகுமார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவள் என்ன செய்தாள் தெரியுமா? ரத்த அழுத்த மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தாள். ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையைக் கொடுத்தாள். உப்பு ஆகாதென்று ஊறுகாய்ப் பானையைத் தூக்கிப் பரணில் வைத்தாள். சின்ன வெள்ளை மாத்திரையை மட்டும் அட்டையோடு அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கு அடியில் போட்டு மூடினாள். அந்தப் பெண் நூறு படிப்புப் படித்திருக்கலாம், என் புருஷன் எதற்கு அழுதான் என்று எனக்குத் தெரியாதா என்பது அவள் கட்சி. உண்மையில் அவளுக்குப் பயம். மாத்திரை போட்டு அழுகை நின்றுவிட்டால், அன்றைக்குப் பாடைக்கு முன்னால் அழுததும் நோய்தான் என்று ஆகிவிடும். அப்புறம் பதினேழு வருஷத்து முள்ளை எதை நம்பி அவள் வெளியே எடுத்தாள்?

இரண்டு மாசம் அப்படியே போனது. அடுத்த தெருப் பச்சமுத்துவின் அம்மா முனியம்மாள் செத்துப்போனாள். தாண்டவராயன் மேல் உசிராக இருந்த கிழவி. அவரை மவனே என்றுதான் கூப்பிடுவாள். கனகா அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பந்தலில் ஆம்பளைகளோடு நிற்கவைத்தாள். இன்றைக்கு நன்றாக அழுவார், ஊர் பார்க்கட்டும் என்றுகூட நினைத்தாள். சொல்லக் கூடாதுதான், நினைத்தாள்.

பாடையைத் தூக்கினார்கள். தாண்டவராயன் சிரித்தார்.

சும்மா இளிப்பில்லை. வயிறு குலுங்க, வாய் பிளந்து, நிறுத்தமுடியாத சிரிப்பு. மேளம் அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டியைப் பிடித்திருந்த பச்சமுத்து திரும்பிப் பார்த்தான். சட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அடிக்கவே வந்துவிட்டான். நாலு பேர் குறுக்கே விழுந்து பிடித்தார்கள். பெண்கள் பக்கமிருந்து ஓடிவந்த கனகா புருஷன் முகத்தைப் பார்த்தாள். வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை. கண்ணில் பயமிருந்தது, அவமானமிருந்தது, என்னை இங்கிருந்து இழுத்துப்போ என்கிற கெஞ்சல் இருந்தது. அவர் தோள்துண்டைச் சுருட்டித் தன் வாயிலேயே திணித்துக்கொண்டார். அதற்குள்ளிருந்தும் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு இழுத்துவந்து உட்காரவைத்தாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நானு சிரிக்கல, கனகா. அதுவா சிரிக்குது."

கனகா அஞ்சறைப்பெட்டி இருந்த பக்கம் பார்த்தாள். இரண்டு மாசமாக இந்த மனுஷனை இதில் கட்டிப்போட்டு வைத்தது யார்? மருந்து கையிலிருக்க, தன் மனசு குளிர்வதற்காக அதைக் கடுகுக்கு அடியில் ஒளித்தது யார்? சிரிப்பை நோய் என்று தள்ளிவிட்டு அழுகையை மட்டும் மடியில் முடிந்துகொள்ள முடியுமா? இரண்டும் ஒரே ஓட்டையில் வந்தவை. அன்றைக்கு ராத்திரியே முதல் மாத்திரையைக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? பிணத்துக்கு முன்னால் சிரித்தவனுக்கு இனி நல்லது கெட்டது எதற்கும் சொல்லி அனுப்புவதில்லை என்று பச்சமுத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு எல்லோரும் அந்த வீட்டு வாசலில் கூடியிருந்த நேரம், கனகா ஸ்கேன் ஃபிலிம் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள். யாரும் வா என்று சொல்லவில்லை. அவள் நேராகப் போய், உறையைப் பிரித்து, ஃபிலிமை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"பாரு பச்சமுத்து. இது அவரு மூள. இந்த வெள்ள வெள்ளையா கீதே, அங்கெல்லாம் ரத்தம் போவல. அயுவறதும் சிரிக்கறதும் அவரு கையில இல்ல." மேற்கொண்டு சொல்லாமல் இருந்திருக்கலாம். ஊருக்கு அவ்வளவே போதும். ஆனாலும் சொன்னாள். "ரெண்டு வருசமா அவரு அயுததும் இதான். அன்னிக்கி சிரிச்சதும் இதான்."

மொட்டையடித்த தலையோடு பச்சமுத்து கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான். பின்னாலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, எம்மாம் புள்ளி என்றாள். பச்சமுத்து விரலை நீட்டி ஒரு வெள்ளைத் திட்டைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"அண்ணன இட்டுனு வா அண்ணி. ஒரு வாய் நாஷ்டா துன்னுட்டுப் போவட்டும்" என்றான்.

கனகா தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். ஊர் மன்னித்துவிட்டது. ஆனால் தன் வாயாலேயே சொல்லியாயிற்று, அந்தக் கண்ணீர் அவருடையதில்லை என்று. ஃபிலிமை உறைக்குள் போட்டு மூடி, வழியில் யாரிடமும் நிற்காமல் வீடு வந்து சேர்ந்தாள்.

மாத்திரை உடம்பில் பிடித்தது. மூன்றாவது வாரத்தில் அழுகை பாதியாயிற்று. நாலாவது வாரம் அவள் புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வந்தாள், அவர் பார்த்தார், கண் காய்ந்து கிடந்தது. கன்று பால் குடிப்பதைப் பார்த்தார், ஒன்றுமில்லை. ராத்திரி கையை மட்டும் பிடித்தார். அது பழக்கமாகக்கூட இருக்கலாம். கனகா மாட்டைத் திட்டினாள், கோழியைத் திட்டினாள், சட்டியைப் போட்டு உடைத்தாள். எடுத்துவிட்டதாக நினைத்த முள் அதே இடத்தில் நின்றது. இப்போது கோபப்படக்கூட வழியில்லை. நோயாளியிடம் என்ன கோபம்?

ஒருநாள் காலையில் இரண்டு பேரும் விதைக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். கைக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். கனகா உரித்துக்கொண்டே, தலை நிமிராமல், பத்தொன்பது வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"எங்கம்மா சாவுக்கு ஏன்யா வர்ல?"

அவர் கை நின்றது. கனகா காத்திருந்தாள். பழைய கனகாவாக இருந்தால், உனக்கு எங்கே ஞாபகமிருக்கப் போகிறது என்று அவளே முடித்திருப்பாள். நாக்கு நுனிவரைக்கும் வந்ததைக் கடித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் மறுபடியும் உரிக்க ஆரம்பித்தார். பத்துக் கடலை உரித்தார். இருபது உரித்தார். முறம் நிறைந்தது. பதில் இல்லை. சரி, அங்கே ரத்தம் போகவில்லை, அந்தக் கேள்வி போய்ச் சேரவேயில்லை என்று எழுந்துபோய் உலை வைத்தாள்.

மத்தியானம் சோற்றைப் போட்டுக் கீரைக் குழம்பை ஊற்றினாள். அவர் தட்டில் கை வைக்கவில்லை.

"நாலு பேரு நடுவுல சொல்ட்டேனே" என்றார்.

எதை என்று கேட்க வந்தவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார். தேடட்டும் என்று எதிரில் உட்கார்ந்தாள்.

"வாசப்படி மிதிக்கமாட்டேன்னு சொன்ன வாய வெச்சிக்கினு எப்பிடி வர்றது? வெக்கமா இருந்திச்சி." அப்புறம் ஒரு பெரிய இடைவெளி. வாசலில் ஒரு சைக்கிள் போய் மறைந்தது. "உன்ன தனியா பஸ்ல ஏத்திட்டேன். பச்ச புள்ளயோட. அதான் ரொம்ப வெக்கம். இப்பவும் கீது."

கனகா அவர் கண்ணைத்தான் பார்த்தாள். இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. மாத்திரை தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. அப்படியானால் இது அந்தச் சின்னக் குழாய்கள் பேசுகிற பேச்சில்லை. காலையிலிருந்து மத்தியானம்வரைக்கும், அடைத்துப்போன வழியெல்லாம் சுற்றி, நல்லதாக மிச்சமிருக்கிற வழியைக் கண்டுபிடித்து, அவரே கொண்டுவந்து கொடுத்த பேச்சு. பத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் அவர் மறந்ததில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அழுதது அவள்தான்.

"உனுக்கு இன்னும் கோவமா கீதா?" என்று அவர் கேட்டார்.

பதிலை எப்போதும் நாக்கிலேயே வைத்திருக்கிறவளுக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிடலாம். அது பொய். சாவு வீட்டில் பத்துப் பேரிடம் சொன்ன பொய்யே போதும். அவர் அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவந்தான்யா" என்றாள். "கோவம் இல்லாத இன்னா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்து, கனகா தன் புருஷனைத் திட்ட ஆரம்பித்தாள். வழக்கமாகத் திட்டுகிற மாதிரி மடமடவென்று இல்லை. ஒரு வாக்கியம் சொல்வாள். அது அவருக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் நிறுத்துவாள். அவர் தலை அசைந்ததும் அடுத்ததைச் சொல்வாள். அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே போனதைச் சொன்னாள். அவர் தலையாட்டினார். அம்மாவின் வாயில் அரிசியைப் போடும்போது பின்னாலிருந்து ஒருத்தி மாப்பிள்ளை எங்கே என்று கேட்டதைச் சொன்னாள். அவர் வெகுநேரம் கழித்துத் தலையாட்டினார். காய்ச்சல் என்று சொன்னதைச் சொன்னாள். யார் யாரிடமெல்லாம் சொன்னாள் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். குழம்பு ஆறி ஆடை கட்டிவிட்டது. மாடு கத்தியது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு அது முடியவில்லை. மிச்சத்தை மறுநாள் காலையில் திட்டினாள்.